எஞ்சினில் படியும் கரி: இருக்கும் இடத்தை அறிந்து அகற்றும் முறை

வண்டியை சர்வீசுக்கு விடும்போது "டீகார்பனைசிங் செய்துவிடலாமா?", அதாவது எஞ்சினில் படிந்த கரியை அகற்றிவிடலாமா, என்று கேட்பது இன்று பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. புதிதாக வண்டி வாங்கியவர் அது என்னவென்று முழுதாகப் புரியாமலே தலையசைத்துவிடுகிறார். எஞ்சினில் கரி படிவது உண்மை. அதை அகற்ற வேண்டிய நிலை வருவதும் உண்மை. ஆனால் கரி படியும் இடங்கள் பல. ஒவ்வோர் இடத்திலும் அது உண்டாகும் காரணம் வேறு, அதை எட்டும் வழியும் வேறு. டேங்கில் ஊற்றும் மருந்து சென்றடையாத இடத்தில் கரி இருந்தால், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பயன் இல்லை. ஆகவே கரி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதை முதலிலும், அகற்றுவதை அதன் பிறகும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரி எங்கிருந்து வருகிறது

பெட்ரோலும் டீசலும் போதுமான காற்றும் வெப்பமும் கிடைத்தால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிச் சைலன்சர் வழியே வெளியேறிவிடும். காற்று குறைந்தாலோ எஞ்சின் சூடேறாமல் இருந்தாலோ, முழுதாக எரியாத பகுதி புகைக்கரியாக மிஞ்சுகிறது. இரண்டாவது காரணம் எஞ்சின் ஆயில். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் கீழிருந்தும், வால்வு தண்டின் ஆயில் சீல் கெட்டால் மேலிருந்தும் ஆயில் எரியறைக்குள் கசிந்து, வெந்து, இறுகிப் படிகிறது. மூன்றாவதாக, எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆயில் ஆவியை வெளியே விடாமல் காற்று உள்ளே போகும் குழாய்க்கே திருப்பிவிடும் அமைப்பு எல்லா நவீன எஞ்சின்களிலும் இருக்கிறது. அந்த ஆவி வழியெல்லாம் பிசுக்காக ஒட்டிக்கொண்டே போகிறது.

ஓட்டும் முறைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஸ்பார்க் பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை இரண்டு கிலோமீட்டர் மட்டுமே போய் வரும் ஸ்கூட்டர் பல நாள்கள் அந்த வெப்பத்தை எட்டுவதே இல்லை. குறைவாக ஓடிய வண்டியில் கரி அதிகமாக இருப்பதைக் கண்டு பலர் வியப்பதற்கு விடை இதுதான்.

எரியறையில் படிந்த கரி இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. அது இடத்தை அடைத்துக்கொள்வதால் கம்ப்ரஷன், அதாவது காற்று-பெட்ரோல் கலவை நெருக்கப்படும் அழுத்தம், ஏறுகிறது; அதன் துருத்திய முனைகள் கனலாகச் சிவந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கின்றன. மேட்டில் ஏறும்போது எஞ்சினிலிருந்து வரும் தட்டல் ஓசைக்கும், பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சில நொடிகள் உதறி ஓடுவதற்கும் இது ஒரு காரணம்.

முதல் படி: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

புதியவர் ஒருவர் தன் கையாலேயே செய்யக்கூடிய, செலவில்லாத, மிகுந்த தகவல் தரும் சோதனை இது. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே தொடங்குங்கள். சிலிண்டரின் மேல்மூடியான அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் அதன் மரை சிதைந்துவிடும். பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்துவிட்டே கழற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். காராக இருந்தால், எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள்.

இனி நிறத்தைப் பாருங்கள். முனையைச் சுற்றியுள்ள பீங்கான் வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. அந்த எஞ்சினுக்குப் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் வேண்டாம். விரலில் ஒட்டும் உலர்ந்த, மென்மையான கறுப்புத் தூள் என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது எஞ்சின் சூடேறாமலே ஓடுகிறது. ஈரமாக, பளபளப்பாக, ஆயில் வாசனையுடன் கறுத்திருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துப்போய்ச் சிறு கொப்புளங்களுடன் இருந்தால் அது கரியின் பிரச்சினையே இல்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, அதை உடனே கவனிக்க வேண்டும்.

உலர்ந்த கரிக்கும் ஈரக் கரிக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக்கூடாத செய்தி. உலர்ந்த கரிக்குக் காரணம் எரிபொருளும் காற்றும். அதைப் பெரும்பாலும் எஞ்சினைத் திறக்காமலே சரிசெய்யலாம். ஈரக் கரிக்குக் காரணம் தேய்மானம். அதை எந்த மருந்தாலும் நிரந்தரமாகத் தீர்க்க முடியாது.

பிளக்கைத் திரும்பப் பொருத்தும்போது முதலில் ஸ்பானர் இல்லாமல் கையாலேயே முழுதாகத் திருகி ஏற்றுங்கள். கையில் ஏறாவிட்டால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள், வலிந்து திருகாதீர்கள். வாஷருடன் கூடிய புதிய பிளக் என்றால் அது உட்கார்ந்த பிறகு சுமார் அரைச் சுற்று போதும். முன்பே பயன்படுத்திய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால், அதைவிட மிகக் குறைவாக, சற்றே இறுக்கினால் போதும்.

இரண்டாம் படி: உள்ளே எட்டிப் பார்த்தல்

கைபேசியில் இணைக்கும் குழாய்க் கேமராக்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. பிளக் துளை வழியே அதை நுழைத்தால் பிஸ்டனின் தலையும் வால்வுகளின் முகமும் தெரியும். மெல்லிய கறுப்புப் பூச்சு எல்லா எஞ்சினிலும் இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். செதில் செதிலாகத் தடித்து, ஓரங்களில் உரிந்து நிற்கும் படிவுதான் கவலைக்குரியது. பிஸ்டனின் நடுப்பகுதி கறுத்திருக்க, ஓரம் மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால், ரிங் வழியே ஆயில் மேலேறுகிறது என்று சந்தேகிக்கலாம்.

கேமராவுடன் கம்ப்ரஷன் சோதனையும் செய்தால் படம் முழுமையாகிறது. எஞ்சினைச் சூடாக்கி, பற்றவைப்பையும் எரிபொருளையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்துச் சுழற்ற வேண்டும். அளவு குறைவாக வந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். அளவு ஏறினால் குறை ரிங்கில் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை, அதன் இருக்கையில் கரித்துணுக்கு சிக்கியிருக்கவும் கூடும். கையேட்டில் சொன்னதைவிட அளவு அதிகமாக வந்தால், எரியறையில் கரி தடித்திருப்பதற்கு அது நல்ல சான்று.

மூன்றாம் படி: எதையும் பிரிக்காமல் செய்யக்கூடியவை

உலர்ந்த கரி என்று உறுதியானால், முதலில் அதை உண்டாக்கும் காரணத்தை நிறுத்துங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கார்புரேட்டர் வண்டியில் சோக் முழுதாகத் திரும்பவில்லையா, காரில் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கி எஞ்சினைச் சூடேறவிடாமல் செய்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் கரியை வேகமாகச் சேர்க்கும். ஒரே பெட்ரோல் பங்கில் போட்ட பிறகு தொடர்ந்து தட்டலும் புகையும் வந்தால் பங்கை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்தது ஓட்டம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, நெரிசல் இல்லாத நெடுஞ்சாலையில், வழக்கத்தைவிட ஒரு கியர் குறைவாக வைத்து, சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழேயே ஆனால் சற்று உயர்ந்த சுழற்சியில், அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். பிளக்கிலும் எரியறையிலும் உள்ள மென்மையான புகைக்கரி இதில் கணிசமாக எரிந்துபோகும். இறுகிய கரி போகாது. இதற்கு முன் ஆயில் அளவையும் கூலன்ட் அளவையும் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

டேங்கில் ஊற்றும் மருந்துகளில், பாலிஈதர்அமீன் என்ற சேர்மம் அடங்கியவைதான் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையையும் எரியறையையும் ஓரளவு உண்மையாகவே சுத்தம் செய்கின்றன. வாங்கும்போது புட்டியின் மேல் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊற்றுவதால் கூடுதல் பலன் இல்லை. மருந்து ஊற்றிய டேங்க் தீர்ந்த பிறகு ஆயிலை மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் கரைந்த அழுக்கில் ஒரு பகுதி ஆயிலில் சேர்கிறது.

ஹைட்ரஜன் வாயுவை உள்ளே செலுத்திக் கரியை எரிப்பதாகச் சொல்லும் எந்திரங்களைப் பற்றி என் கருத்து இது: செய்வதற்கு முன்பும் பின்பும் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத பட்டறையில் அந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள். அதே தொகையில் நல்ல ஆயிலும் புதிய ஏர் ஃபில்டரும் பிளக்கும் வாங்கிவிடலாம்.

த்ராட்டில் பாடி

ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்குவது, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துபோவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் ஒட்டிய பிசுக்கு. இதை வீட்டிலேயே துடைத்துவிடலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காற்றுக் குழாயை எடுத்துவிட்டு, த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரை நேரடியாகப் பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். சில த்ராட்டில் தகடுகளில் இருக்கும் மெல்லிய பூச்சை அது அரித்துவிடும். மின்மோட்டாரால் இயங்கும் தகட்டைச் சாவி போட்ட நிலையில் விரலால் வலிந்து தள்ளுவதும் ஆபத்து: பல்சக்கரம் உடையலாம், விரலும் நசுங்கலாம். காற்றின் அளவை அளக்கும் சென்சாரை இந்தக் கிளீனர் தொடக்கூடாது. துடைத்த பிறகு ஐடிலிங் சிறிது நேரம் தாறுமாறாக இருந்தால் பயப்பட வேண்டாம். கையேட்டில் சொல்லும் முறைப்படி கணினியை மறுபடி பழக்கினால் சரியாகிவிடும்.

நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இன்டேக் வால்வு

வழக்கமான பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், மாருதியின் பல கே வரிசை எஞ்சின்கள் இவ்வகையைச் சேர்ந்தவை, பெட்ரோல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்படுகிறது. அந்தத் தெளிப்பே வால்வைக் கழுவிக்கொண்டிருக்கும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சினில் இந்தக் கழுவல் நின்றுபோகிறது. 1996-இல் மிட்சுபிஷி இவ்வகை எஞ்சினைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஹூண்டாய், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா ஆகியவற்றின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் இன்று இந்த முறையில்தான் ஓடுகின்றன. ஆயில் ஆவி வால்வின் பின்புறத்தில் ஒட்டி, வெந்து, அடுக்கடுக்காகத் தடிக்கிறது. டொயோட்டா 2005-இல் இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் ஒரே எஞ்சினில் சேர்த்த அமைப்பைக் கொண்டுவந்தது. வால்வு மேல் பெட்ரோல் மறுபடி படுவதால் அதில் இந்தச் சிக்கல் பெரிதும் குறைந்தது.

நேரடி இன்ஜெக்‌ஷன் காரில் டேங்கில் ஊற்றும் எந்த மருந்தும் இன்டேக் வால்வை எட்டாது. இதை அறியாமல் ஏராளமானோர் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உதறுவது, பிக்கப் குறைவது, கலவை சரியாகப் பற்றாததைக் காட்டும் மிஸ்ஃபயர் கோடு காரின் கணினியில் பதிவாவது ஆகியவை அறிகுறிகள். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால் வால்வு கண்ணுக்கே தெரியும். தடித்த படிவை அகற்ற உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை, அக்ரூட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றுடன் பீய்ச்சி, கூடவே வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுப்பது. அந்தத் தூள் கரியை உடைக்கும் அளவு கடினமானது, உலோகத்தைக் கீறாத அளவு மென்மையானது. வேலை செய்யும் சிலிண்டரின் இன்டேக் வால்வு முழுதாக மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வால்வு திறந்திருந்தால் தூள் சிலிண்டருக்குள் போய்விடும். இது அனுபவமும் கருவியும் உள்ள பட்டறைக்கான வேலை.

டீசல் வண்டிகள்

டீசல் எஞ்சினில் எரிந்த புகையின் ஒரு பகுதியை இ.ஜி.ஆர். வால்வு மறுபடி உள்ளே அனுப்புகிறது. எரிதலின் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம். புகையிலுள்ள கரி, ஆயில் ஆவியுடன் கலந்து, தார் போன்ற கூழாக மேனிஃபோல்டின் உட்சுவரில் படிந்து, காற்று போகும் வழியைச் சுருக்கிவிடுகிறது. இழுவை குறைந்து, கரும்புகை வந்து, எஞ்சின் விளக்கு எரிந்தால், இ.ஜி.ஆர். வால்வையும் மேனிஃபோல்டையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். எஞ்சினில் பொருத்தியபடியே சுரண்டினால் உதிரும் கட்டிகள் உள்ளே போகும் என்பதால், பாகங்களை வெளியே எடுத்து, கரைப்பானில் ஊறவைத்து, நன்றாக உலர்த்திப் புதிய கேஸ்கெட்டுடன் பொருத்துவதே சரி. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியிருக்கிறது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இந்தக் கரியைத் தொடாதீர்கள், உலர்ந்த தூளைக் காற்றில் ஊதிவிடாதீர்கள்.

இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு எதிரானது; நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றையும் கெடுப்பது. செய்யாதீர்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகை விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அது நிறையும்போது எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். இதற்குத் தொடர்ந்த ஓட்டம் தேவை. சென்னை அண்ணா சாலை நெரிசலில் மட்டுமே ஓடும் கார் பாதியில் அணைக்கப்பட்டு, அந்த எரிப்பு மீண்டும் மீண்டும் தடைபடும். எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயிலின் அளவு ஏறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் கூடியிருப்பதைக் கண்டால் மகிழாதீர்கள், உடனே மாற்றுங்கள். வடிகட்டி விளக்கு எரியத் தொடங்கியதுமே கையேட்டில் சொன்ன வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும்; விளக்கைப் பல வாரங்கள் பொருட்படுத்தாமல் விட்டால் செலவு பல மடங்காகும். ஆயிலும் இத்தகைய வடிகட்டிக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த வகையாகவே இருக்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலை

ஒற்றைச் சிலிண்டர் பைக்கில், மேலே சொன்ன எதற்கும் அசையாத கரி இருந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். முதன்முறையாகச் செய்பவர் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் அருகில் இருந்து செய்வது நல்லது. தொடங்கும் முன் அந்த வண்டியின் சர்வீஸ் கையேடு, போல்ட்டை அளவான விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச், புதிய ஹெட் கேஸ்கெட், புதிய வால்வு ஆயில் சீல்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, டைமிங் குறிகளைப் படம் எடுத்துக்கொண்டு, ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். டைமிங் செயினைக் கம்பியால் கட்டி வையுங்கள். உள்ளே நழுவிவிட்டால் அதை எடுப்பது தனி வேலையாகிவிடும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியில் கிரீஸ் தடவி வைத்தால் உதிரும் கரி அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு துடைத்து எடுத்துவிடலாம். செயின் போகும் வழியையும் ஆயில் துளைகளையும் துணியால் அடைத்துவிடுங்கள்.

கரியை டீசலிலோ கரி கரைப்பானிலோ ஊறவைத்து, மரத் துண்டாலோ கெட்டிப் பிளாஸ்டிக்காலோ சுரண்டுங்கள். இரும்புச் சுரண்டி அலுமினியத்தில் கீறல் போடும். அந்தக் கீறலில்தான் அடுத்த கரி முதலில் பிடிக்கும். எமரித் தாளும், சுழலும் உரசு வட்டுகளும் கூடவே கூடாது, ஏனெனில் அவற்றிலிருந்து உதிரும் நுண்துகள்கள் ஆயிலில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். தேய்ந்த பழைய எஞ்சினில் பிஸ்டன் தலையின் விளிம்பில் ஒரு மெல்லிய கரி வளையத்தை மட்டும் விட்டுவிடுவது பழைய கைவினைஞர்களின் வழக்கம். ஆயில் மேலேறுவதை அது சற்றுத் தடுக்கிறது என்பது அவர்கள் அனுபவம்.

வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடத்துக்குரியது என்று குறித்து, தண்டிலும் பின்புறத்திலும் உள்ள கரியை அகற்றிய பிறகு, முகத்தில் சிறு பள்ளங்கள் இருந்தால் நயமான லேப்பிங் பேஸ்ட் தடவி இருக்கையுடன் உரசிச் சரிசெய்யலாம். பேஸ்ட் ஒரு துளியும் மிஞ்சாமல் கழுவிவிட்டு, வால்வுகளைப் பொருத்தி, ஹெட்டின் போர்ட்டில் (காற்றோ புகையோ செல்லும் துளையில்) மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். வால்வின் ஓரத்தில் கசிவு இல்லை என்றால் வேலை சரி. ஆயில் சீல்களை இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள். திறந்த எஞ்சினைப் பழைய சீலுடன் மூடுவது மறுபடி திறப்பதற்கான ஏற்பாடு. மூடும்போது போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன வரிசையிலும் டார்க்கிலும் படிப்படியாக இறுக்கி, டைமிங்கையும் வால்வுகளின் டேப்பட் இடைவெளியையும் சரிபார்த்து, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று திருப்பிப் பாருங்கள். எங்கும் தடைபடாமல் சுற்றினால் மட்டுமே ஸ்டார்ட் செய்யுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டியை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக யமஹா ஆர்எக்ஸ்100 போன்றவற்றைப் போற்றி வைத்திருப்பவர்களுக்கு, கரி சேரும் முக்கிய இடங்கள் எக்ஸாஸ்ட் போர்ட்டும் சைலன்சரின் உள்குழாயும். இரும்புச் சைலன்சரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பது பழைய முறை. அந்தக் கரைசல் அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் சிலிண்டர், ஹெட், பிஸ்டன் எதையும் அதில் போடக்கூடாது. கண் பாதுகாப்பும் ரப்பர் கையுறையும் இல்லாமல் அதை அணுகவே வேண்டாம்.

எந்த முறையில் கரியை எடுத்திருந்தாலும், புதிய பிளக் ஒன்றைப் பொருத்தி, ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் காரணமும் நீங்கிவிட்டது. மறுபடி ஈரக் கறுப்பு என்றால் ரிங் செட்டையும் சிலிண்டர் போரையும் அளந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அதற்குள் ஆயில் மட்டத்தை வாரம் ஒருமுறை பார்த்து, குறைந்ததை நிரப்பி, எவ்வளவு குறைகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது அந்தத் தாளையும் பழைய பிளக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.